நிறையைக் குறைத்துச் சொல்லும் பண்பு: சிலேடைச் சிரிப்பு ஊரைத் தாண்டினால் ஏன் செத்துப்போகிறது?

பனிமூட்டம் (தலவாக்கலை) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவின் கடைசி இரவில் நடக்கும் கலை நிகழ்ச்சிக்கு இவ்வருடம் தொகுப்புரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஊரில் நடந்த சங்கதிகளைச் சிலேடையாகத் தொட்டுச் சிரிக்க வைப்பது எங்கள் மேடையின் வழக்கம். அதை எழுத உட்கார்ந்தபோது பல நாள் மனத்தில் கிடந்த ஒரு சந்தேகம் மீண்டும் எழுந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெரிய மனக்குறை இருந்தது. சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, முற்றிய இலைக்கு ஒரு கழிவு என்று ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு மூன்று கிலோ வெட்டப்பட்டது. பெண்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள், தோட்டத் தலைவரிடமும் சொன்னார்கள். ஆனால் எழுத்தில் எதுவும் மேலே போகவில்லை. பிறகு நிறுவைக்குப் பொறுப்பாக இருந்த உத்தியோகத்தர் மாற்றலாகிப் போனார். அவருக்கு நடந்த பிரியாவிடைக் கூட்டத்தில், காமன் கூத்தில் கோமாளி வேடம் கட்டும் முதியவர் ஒருவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, மிகுந்த பணிவோடு இப்படிச் சொன்னார்: “ஐயாவிடம் எத்தனையோ நல்ல குணங்கள் இருந்தாலும் ஒன்றை மட்டும் நாங்கள் சாகும்வரை மறக்க மாட்டோம். நிறையைக் குறைத்துச் சொல்லும் பண்பு ஐயாவுக்கு இருந்ததுபோல் இந்தத் தோட்டத்தில் வேறு எவருக்கும் இருந்ததில்லை.”

முன்வரிசையில் இருந்த உத்தியோகத்தர் கைகூப்பினார். அதற்குள் பெண்கள் அமர்ந்திருந்த பக்கத்தில் ஒருவர் சிரித்தார், இன்னொருவர் முந்தானையால் வாயை மூடினார், சில நொடிகளில் கூட்டம் முழுவதும் அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

இதே வசனத்தைக் கொழும்பில் வேலை செய்யும் நண்பர்களிடம் ஒரு முறை சொன்னேன். எல்லோரும் தமிழர்கள், நிறை என்றால் எடை என்பதும், நற்குணம் என்பதும் அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நிறுவைக் கதையை விளக்கிச் சொன்ன பிறகு மரியாதைக்காகத் தலையசைத்தார்கள். சொல்லும் அதுதான், பொருளும் அதுதான் என்றால் சிரிப்பு எங்கே போயிற்று? இரட்டைப் பொருளும் ஊர்ச் சர்ச்சையும் சேரும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் என் எழுத்துக்குப் பெரிதும் உதவும்.

பழைய கரும்பலகை (பதுளை)

தம்பி, உங்கள் முதியவரின் வாக்கியத்தை நான் என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது மிகத் தேர்ந்த சிலேடை.

நம்முடைய அணியிலக்கணம் சிலேடையைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லைப் பிரிக்காமல் அப்படியே வைத்து இரு பொருள் கொள்வது முதல் வகை. ஒரு தொடரை வெவ்வேறு விதமாகப் பிரித்து இரு பொருள் கொள்வது இரண்டாம் வகை. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் பொருந்தும்படி காளமேகப் புலவர் பாடிய வெண்பாவைப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். “நஞ்சிருக்கும்” என்பதைப் பாம்புக்கு விஷம் இருக்கும் என்றும், பழத்துக்கு நைந்து கனிந்திருக்கும் என்றும் கொள்கிறோம். “தோலுரிக்கும்” என்பது இரண்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. அந்தப் பாடலைக் கேட்டு நாம் வியக்கிறோம், ஆனால் வயிறு குலுங்கச் சிரிப்பதில்லை. பாம்புக்கும் பழத்துக்கும் இடையில் யாருக்கும் எந்த வழக்கும் இல்லை என்பதே அதற்குக் காரணம். அங்கே சொல்லின் திறமை மட்டும் இருக்கிறது.

அதே புலவரின் பெயரால் வழங்கும் இன்னொரு பாடலைப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரத்துக்குப் பசியோடு போனவருக்குச் சோறு வெகுநேரம் வரவில்லை. பொழுது அத்தமிக்கும்போதுதான் அரிசி வரும், அதைக் குத்தி உலையில் இடும்போது ஊரே அடங்கிவிடும், ஓர் அகப்பை சோற்றை இலையில் இடும்போது விடிவெள்ளி எழுந்துவிடும் என்று அவர் பாடிவிட்டார். சத்திரத்துக்காரர் பதறினார். புலவரோ, இது வசையன்று, வாழ்த்துத்தான் என்று பொருள் சொன்னாராம். நாட்டில் அரிசி அற்றுப்போகும் பஞ்ச காலத்திலும் இந்தச் சத்திரத்துக்கு அரிசி வரும், உலையில் இட்டால் ஊரார் பசி அடங்கும், இலையில் இட்டால் சோறு வெள்ளியைப் போல் வெண்மையாக எழும் என்பதே அந்தப் பொருள். இது செவிவழிக் கதைதான். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது. அங்கே ஒரு சம்பவம் நடந்திருக்கிறது, குறை சொல்லப்படுகிறவர் எதிரில் நிற்கிறார், பாடியவர் ஒதுங்கிக்கொள்ள இன்னொரு பொருள் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

தொல்காப்பியர் இதை இன்னும் தெளிவாகப் பிரித்தார். அங்கதம் இரண்டு வகை என்றும், வெளிப்படையாகச் சொல்வது செம்பொருள் அங்கதம், அது வசை என்றும், மொழியை மறைத்துச் சொல்வது பழிகரப்பு என்றும் செய்யுளியலில் கூறுகிறார். பழியைக் கரந்து வைத்தல் என்ற அந்தப் பெயரே உங்கள் முதியவர் செய்ததைச் சொல்லிவிடுகிறது.

அவருடைய வாக்கியத்தின் உயிர் “பண்பு” என்ற சொல்லில் இருக்கிறது. “ஐயா நிறையைக் குறைத்துச் சொன்னார்” என்று அவர் சொல்லியிருந்தால் அது நேரான குற்றச்சாட்டு; செம்பொருள். “பண்பு” என்று முடித்ததால் முழு வாக்கியமும் தன்னடக்கத்தைப் புகழும் வாக்கியமாக முதலில் காதில் விழுகிறது. தன் நற்குணங்களைக் குறைத்துச் சொல்லும் அடக்கமானவர் என்ற பொருள் முதலில் வந்து உட்கார வேண்டும். அது உட்கார்ந்த பிறகுதான் தராசு நினைவுக்கு வர வேண்டும். வரிசை மாறினால் வசை மட்டும் மிஞ்சும், சிரிப்பு வராது. பிரியாவிடைக் கூட்டம் என்ற இடமும் அவருக்கு உதவியது. புகழ்ச்சியை எதிர்பார்த்து வந்த காதுகள் புகழ்ச்சியையே முதலில் கேட்டன.

இனிக் கொழும்பு நண்பர்களுக்கு வருவோம். அவர்களுக்குச் சொல்லின் இரு பொருளும் தெரியும். ஆனால் சொல்லில் இரண்டு பொருள் இருப்பது மட்டும் போதாது. இரண்டாம் பொருள் போய்ச் சேருவதற்குக் கேட்பவரின் மனத்தில் ஒரு சம்பவம் முன்கூட்டியே காத்திருக்க வேண்டும். உங்கள் தோட்டத்துப் பெண்களின் தோளில் அந்த இரண்டு மூன்று கிலோ இன்னும் கனத்துக்கொண்டிருந்தது. முதியவர் குற்றத்தைச் சொல்லவே இல்லை. கேட்டவர்களே அதைத் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். நீங்கள் விளக்கியபோது அந்த வேலையை நண்பர்களிடமிருந்து எடுத்து நீங்களே செய்துவிட்டீர்கள்.

ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டதற்குப் பிறகு, அந்தச் சத்திரப் பாடலைப் பிள்ளைகளிடம் சொன்னால் “ஊரடங்கும்” என்ற இடத்தில் அவர்கள் கண்கள் விரிவதைக் கண்டிருக்கிறேன். புலவர் நினைத்தே இராத மூன்றாவது பொருளை நாட்டு நடப்பு கொண்டுவந்து வைத்தது. பல நூறு ஆண்டுப் பழைய பாடலுக்குச் சம்பவம் புதிதாக உயிர் கொடுத்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

மொழிபெயர்ப்பு மேசை (கண்டி)

ஐயா சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். அச்சம்பவம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது பற்றி என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். செய்திகளைச் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்குக் கொண்டுவரும் வேலையில் நீண்ட காலம் இருக்கிறேன். ஒரு சர்ச்சை வெடித்தவுடன் எந்தச் சொல் மக்கள் வாயில் தங்குகிறது, எது தங்குவதில்லை என்பதைக் கவனிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

2014 நவம்பரில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மைத்திரிபால சிறிசேன முந்திய இரவு அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவோடு அப்பம் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் ஜனாதிபதித் தேர்தலில் அவருக்கு எதிராகப் பொது வேட்பாளராக வந்து நின்றார். அன்றிலிருந்து நாட்டின் மூன்று மொழிகளிலும் அப்பம் என்பது வெறும் உணவாக இல்லை. தமிழுக்கு மட்டும் இன்னொரு கொடுப்பினை இருந்தது: அப்பத்துக்கு மிக அருகில் ஆப்பு என்ற சொல் இருக்கிறது. மரத்தைப் பிளக்க அடிக்கும் ஆப்பு, பேச்சு வழக்கில் ஒருவரைக் கவிழ்ப்பதற்கும் பெயர். “அப்பம் சாப்பிட்டார், ஆப்பு வைத்தார்” என்பதைச் சொல்ல யாருக்கும் புலமை தேவைப்படவில்லை. ஓர் இரவு, ஒரு மேசை, ஒரு தட்டு அப்பம் என்று அந்தச் சம்பவம் கண்ணுக்குத் தெரியும் படமாக இருந்ததால்தான் சொல் அதில் ஒட்டிக்கொண்டது.

இதற்கு நேர்மாறாகப் பிணைமுறி (அரசாங்கம் கடன் பெற வெளியிடும் பத்திரம்) விவகாரத்தைப் பாருங்கள். 2015 பெப்ரவரி 27 அன்று மத்திய வங்கியில் நடந்த பிணைமுறி ஏலம் பற்றிப் பல ஆண்டுகள் விசாரணையும் விவாதமும் நடந்தன. பிணை என்றால் நீதிமன்றத்தில் கிடைக்கும் பிணை, முறி என்றால் உடைதல். ஐயா சொன்ன பிரிமொழிச் சிலேடைக்குச் சொல் ஆயத்தமாகவே இருந்தது. இருந்தும் எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் அதை வைத்து ஒரு நல்ல பகிடிகூடப் பிறந்து நான் கேட்கவில்லை. வட்டி வீதமும் ஏலமும் யாருடைய கண்ணிலும் காட்சியாக நிற்கவில்லை. கோபம் இருந்தது, சொல்லும் இருந்தது, படம் இல்லை.

2018 நவம்பர் 16 அன்று பாராளுமன்றத்துக்குள் மிளகாய்த்தூள் வீசப்பட்டபோது நடந்தது வேறு விதம். தமிழ்ப் பத்திரிகைகளில் “காரசாரமான விவாதம்” என்ற தொடர் பல்லாண்டுகளாகத் தேய்ந்து, அதில் காரம் இருப்பதையே நாம் மறந்திருந்தோம். அன்று அந்தத் தொடர் அப்படியே உண்மையாகிவிட்டது. மறுநாள் செய்தி மொழிபெயர்க்கும்போது அந்தச் சொல்லை எழுதலாமா கூடாதா என்று நாங்கள் தயங்கினோம். எழுதினால் பகிடி, எழுதாவிட்டாலும் வாசகர் தாமாகவே நினைத்துக்கொள்வார். இரட்டைப் பொருள் பகிடியில் இது எனக்கு மிகவும் பிடித்த வகை, ஏனெனில் யாரும் எதையும் இட்டுக்கட்டவில்லை. நாட்டு நடப்பே தேய்ந்த சொல்லைத் துலக்கித் தந்தது.

எழுத்தில் மட்டும் பிழைக்கும் பகிடிகளும் உண்டு. 2022 ஜூலையில் ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய ராஜபக்ஷ நாட்டை விட்டுப் போன அதே நாட்களில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தது. வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கோட்டா. அவரையும் மக்கள் சுருக்கமாகக் கோட்டா என்றே அழைப்பார்கள். பேசும்போது இரண்டு சொல்லுக்கும் முதல் ஒலி வேறு. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே “கோ” என்பதால், “கோட்டா முடிந்துவிட்டது, அடுத்தது எப்போது?” என்று வட்ஸ்அப்பில் எழுதினால் இரு பொருளும் சமமாக நிற்கும். வாய்விட்டு வாசித்தால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், அங்கே சிலேடை உடைந்துவிடும். மேடைக்கு எழுதுகிறவர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: தாளில் சிரிக்க வைக்கும் வரி ஒலிவாங்கியில் ஊமையாகிவிடலாம்.

கூடைக்காரி மகள் (மஸ்கெலியா)

இவ்வளவு நேரம் எல்லோரும் பகிடியைச் சொன்னவரின் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் அந்தப் பெண்கள் பக்கத்திலிருந்து பேசுகிறேன். என் அம்மா நாற்பது வருடம் கூடை சுமந்தவர்.

பனிமூட்டம் அண்ணா, உங்கள் தோட்டத்தில் முதலில் சிரித்தது பெண்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தற்செயலாக நடந்ததன்று. தராசின் கீழே நின்றவர்கள் அவர்கள். ஒவ்வொருத்தியும் தன்னுடைய கிலோ மட்டும்தான் வெட்டப்பட்டது, தான் மட்டும்தான் கேட்க முடியாமல் நிற்கிறோம் என்ற குமைச்சலோடு பல மாதம் வீட்டுக்குப் போயிருப்பாள். அன்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தவுடன், இவளுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்பது ஒரே நொடியில் வெளிச்சமாகிவிட்டது. யாரும் முறைப்பாடு எழுதவில்லை, யாரும் பெயர் சொல்லவில்லை, ஆனாலும் தோட்டமே ஒன்றாகச் சாட்சி சொல்லியது. ஊர்ச் சர்ச்சையைத் தொடும் பகிடியின் பெரிய வேலை இது என்று நான் நம்புகிறேன். கொழும்பு நண்பர்களுக்கு அந்தத் தனிமை இருக்கவில்லை, ஆகவே அது நீங்கிய மகிழ்ச்சியும் வரவில்லை.

மலையில் கொழுந்து எடுக்கும்போது பெண்கள் தங்களுக்குள் சொல்லும் சிலேடைகளை ஆண்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். ஒரு நாள் சம்பளத்துக்கு நாங்கள் “பேர்” என்று சொல்கிறோம். சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப் பேர்தான் விழும். பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய ஒருத்தியிடம் “பிள்ளைக்குப் பேர் வைத்தாயிற்றா?” என்று கேட்டார்களாம். “பிள்ளைக்கு முழுப் பேர் வைத்தோம், எனக்குத்தான் அரைப் பேர் வைத்திருக்கிறார்கள்” என்றாளாம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். சிரித்து முடித்ததும் சிறிது நேரம் பேசமாட்டார். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் தருவோம் என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்லப்பட்ட காலத்தில், சண்டையைச் சமாதானப்படுத்த யாராவது “ஆயிரம்தான் இருந்தாலும்” என்று தொடங்கினால், “முதலில் அந்த ஆயிரம் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்” என்று பெண்கள் பேச்சை வெட்டிவிடுவார்கள். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வர்த்தமானி வந்து ஆயிரம் கைக்கு வந்ததும் அந்தப் பகிடி அப்படியே நின்றுவிட்டது. எங்கள் மலையில் எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். அரைப் பேர்ப் பகிடி மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இனி ஐயாவிடம் ஒரு மறுப்பு. இன்னொரு பொருள் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்று மகிழ்ந்து எழுதினீர்கள். அந்தக் கதவு எல்லோருக்கும்தான் திறந்திருக்கிறது. எங்கள் பக்கத்துத் திருவிழா மேடையொன்றில் தொகுப்பாளர் ஒருவர் கொழுந்து கிள்ளுவதை வைத்துப் பெண்களைப் பற்றி இரட்டை அர்த்தத்தில் பேசினார். அந்த வசனத்தை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஆண்கள் சிரித்தார்கள், அம்மாவின் வயதுப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு கேட்டபோது, “நான் கொழுந்தைத்தானே சொன்னேன், உங்கள் மனத்தில்தான் அழுக்கு” என்று பதில் வந்தது. காத்தான் சத்திரத்தில் புலவர் தப்பிய அதே வழியால்தான் இவரும் தப்பினார். உங்கள் முதியவரின் சிலேடையில் இரண்டாம் பொருள் அந்த உத்தியோகத்தர் தம் கையால் செய்த காரியத்தைப் போய்ச் சேர்கிறது. கிள்ளுவது பற்றிய வசனத்தில் இரண்டாம் பொருள் எதையும் செய்யாத ஒருத்தியின் உடம்பில் போய் ஒட்டுகிறது. சொல்லின் அமைப்பை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும், இரண்டாம் பொருள் யார் மீது விழுகிறது, விழுகிறவர் அதற்கு ஏதாவது செய்தாரா என்று கேட்டுப் பாருங்கள் அண்ணா.

பழைய கரும்பலகை (பதுளை)

மகளே, உங்கள் மறுப்பை ஏற்கிறேன். நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு காரணங்களைத் தொல்காப்பியம் சொல்லும். அந்த எள்ளல் வலியவரை நோக்கியதா எளியவரை நோக்கியதா என்ற கேள்வியை வகுப்பில் நான் பிள்ளைகளிடம் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

சட்டம் படிப்பவன் (ஹட்டன்)

சிலேடை தப்பும் வழி என்பது பற்றி ஓர் எச்சரிக்கை. மேற்பார்வைக்குக் குற்றமற்ற சொற்களாக இருந்தாலும், சில விடயங்களை முன்பே அறிந்த கேட்போருக்கு அவை ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கும் பொருளைத் தருமானால், அந்த உட்பொருளை நிரூபித்து அவதூறு வழக்குத் தொடர முடியும். மனத்தில் காத்திருக்கும் சம்பவம் என்று ஐயா சொன்னதைத்தான் சட்டமும் தேடுகிறது. இலங்கையில் அவதூறு குற்றவியல் சட்டத்திலிருந்து 2002 இல் நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் குடியியல் வழக்குக்கு இடமிருக்கிறது. கைபேசியில் பதிவாகிப் பரவும் பேச்சுக்கு 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. பிரியாவிடைக் கூட்டத்தில் ஐந்நூறு பேர் முன்னிலையில் ஒரு முறை சொல்லப்படுவது வேறு; அதே வசனம் ஒலித்துண்டாக வெட்டப்பட்டு, சூழல் இல்லாமல், அந்நியர்களிடம் ஓடுவது வேறு. உண்மையில் நடந்ததை, நடந்தது என்று காட்டக்கூடியதை மட்டும் தொடுங்கள்.

பனிமூட்டம் (தலவாக்கலை)

எல்லோருக்கும் என் நன்றி. நேற்று இரவு என் பிரதியை எடுத்து, மஸ்கெலியாத் தங்கை சொன்ன கேள்வியை ஒவ்வொரு வரிக்கும் கேட்டுப் பார்த்தேன். மூன்று வரிகளை அடித்துவிட்டேன். அவற்றில் ஒன்றுக்கு ஒத்திகையில் மிகப் பெரிய சிரிப்புக் கிடைத்திருந்தது. இருந்தாலும் அது ஒரு குடும்பத்தின் வீட்டு விடயம், அவர்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை.

ஒரு வரியில் மட்டும் முடிவெடுக்க முடியவில்லை. எங்கள் தோட்டத்துப் பஜனைக் குழுவை மேடைக்கு அழைக்கும் இடம் அது. புதிய வீடு கட்டித் தருவதாக அடிக்கல் நாட்டிப் பல வருடமாகிவிட்டது. அடிக்கல்லின் மேல் புல் வளர்ந்துவிட்டது. மக்கள் இன்னும் லயங்கள் எனப்படும் பழைய வரிசை வீடுகளிலேயே இருக்கிறார்கள். அன்று முன்வரிசையில் வாக்குறுதி தந்தவர்களும் அமர்ந்திருப்பார்கள். நான் எழுதியிருப்பது இது: “எங்கள் பஜனைக் குழுவினர் இருநூறு ஆண்டுகளாக லயத்தை விட்டு விலகாதவர்கள்.” பாட்டின் லயமும் தோட்டத்து லயமும் இதில் இருக்கின்றன, காத்திருக்கும் சம்பவமும் எல்லோர் மனத்திலும் இருக்கிறது, ஒலியிலும் பேதமில்லை. ஆனாலும் ஏதோ உறுத்துகிறது.

கூடைக்காரி மகள் (மஸ்கெலியா)

உறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது அண்ணா. “விலகாதவர்கள்” என்று சொல்லும்போது நாமே விரும்பி அங்கே இருந்ததுபோல் ஆகிவிடுகிறது. சிரிப்பு பாடுகிற பிள்ளைகளின் மேல் விழும். முன்வரிசை வசதியாகக் கைதட்டும். உங்கள் முதியவர் செய்ததுபோல் முன்வரிசையையே புகழுங்கள்: “இருநூறு ஆண்டுகளாக எங்களை லயத்தை விட்டு விலகாமல் பார்த்துக்கொண்ட பெரியவர்களுக்கு இந்த நேரத்தில் எங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.” செய்தவர் யார் என்பது இப்போது வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது.

பழைய கரும்பலகை (பதுளை)

மிக நன்று. ஒன்றை மட்டும் மாற்றுங்கள் தம்பி. இந்த வரியைக் குழுவை அழைக்கும்போது சொல்லாமல், பஜனை பாடி முடிந்து கைதட்டல் ஓய்ந்த பிறகு சொல்லுங்கள். மிருதங்கம் அப்போதுதான் நின்றிருக்கும். லயம் என்ற சொல் பாட்டின் பொருளில்தான் எல்லோர் காதிலும் இருக்கும்.